‘அன்பே’ என்று தொடங்கிய கடிதம்

மிஷின்காரர் தன் மனைவிக்கு எழுதிய கடிதங்களில் ‘அன்பே’ என்ற சொல் ஒரே ஒரு முறைதான் இடம்பெற்றது. அந்த ஒரு முறைக்கே அவர் குடும்பம் ஏறக்குறைய அழிந்திருக்கும். அன்பை வெளியே சொல்லாமல் பூட்டிவைப்பதால்தான் குடும்பங்கள் கெடுகின்றன என்று விவரம் தெரிந்தவர்கள் மேடையேறிப் பேசுகிறார்கள். எங்கள் தெருவில் நடந்தது அதற்கு நேர்மாறு. எனவே இதையும் யாராவது எழுதிவைப்பது நியாயம்.

அவர் தையல் மிஷின் பழுதுபார்ப்பவர். தைக்கத் தெரியாது. சட்டைப் பொத்தான் அறுந்தால் மனைவியிடம்தான் கொடுப்பார். வீட்டின் முன்னறைதான் கடை. சன்னலை ஒட்டி ஒரு நீளமான மேசை, அதன் தலைக்கு மேல் கை நீட்டினால் இடிக்கும் உயரத்தில் ஒரு பல்பு, சுவரோரம் பழைய பிஸ்கட் டப்பாக்கள். டப்பாக்களில் ஊசி, பாபின், திருகாணி, பெல்ட் என்று வெளியே எழுதி ஒட்டியிருக்கும். எழுதியது ஒன்று, உள்ளே இருப்பது வேறொன்று. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டாலும் வேண்டியதை எடுத்துவிடுவார். அப்படியானால் எதற்கு எழுதி ஒட்டினீர்கள் என்று கேட்டால், “எழுதி இருந்தாத்தானே கடை மாதிரி இருக்கும்” என்பார்.

வேலை முடிந்த ஒவ்வொரு மிஷினின் கைப்பிடியிலும் ஒரு சீட்டு நூலால் கட்டப்பட்டிருக்கும். அதில் மூன்று வரி. புகார் என்ன, கண்டது என்ன, செய்தது என்ன. கீழே, ‘ஓட்டிப் பார்த்துத் திருப்பித் தரப்படுகிறது’ என்று முடித்துக் கையெழுத்து போடுவார். இன்னொரு பிடிவாதமும் உண்டு. மாற்றிய பழைய பாகத்தைக் காகிதத்தில் பொதிந்து மிஷினோடு கொடுத்துவிடுவார். “இந்த வளைஞ்ச ஊசியை வெச்சுக்கிட்டு நான் என்னங்க பண்றது?” என்று தையல்காரர்கள் கேட்பார்கள். “மாத்தினேன்னு நீங்க நம்பணுமில்ல?” என்பார். நம்புகிறோம் என்று சொன்னாலும் விடமாட்டார். நம்பாதவரைப் போலவே நம்புகிறவரையும் நடத்துவதுதான் அவருடைய நேர்மை.

மனைவிக்குத் தெரு வைத்த பெயர் ரேடியோ அம்மா. ரேடியோவை நிறுத்த முடியும் என்ற ஒரு வித்தியாசத்தைத் தவிர, பொருத்தமான பெயர்தான். அந்த வீட்டில் பேச்சு மொத்தத்தையும் அந்த அம்மாவே பார்த்துக்கொண்டார். கணவர் பங்கு ஓர் எழுத்து. கடைசியாக நேருக்கு நேர் அவர்கள் பேசிக்கொண்டதும் அந்தக் கணக்கில்தான் நடந்தது.

“அக்காவுக்கு முழங்கால் வலியாம், சொல்லியனுப்பியிருக்கா. பொண்ணையும் கூட்டிட்டுப் போறேன். நாலு நாள் இருந்துட்டு வரேன். கேக்குதா?”

“ம்.”

“சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவீங்க?”

“ம்.”

“என்ன ம்? அந்த ‘ம்’மையே போட்டுப் பிசைஞ்சு சாப்பிடப் போறீங்களா?”

தமக்கை வீடு ஆற்றுக்கு அந்தப் பக்கம். அம்மாவும் மகளும் பாலத்தைக் கடந்து போன அந்த வாரத்திலேயே பாலத்தின் நடுவில் ஒரு கம்பி வேலி முளைத்தது. இந்தக் கரையில் ஒரு ராணுவம், அந்தக் கரையில் ஒரு ராணுவம். மக்களைப் பாதுகாக்கவே வந்திருக்கிறோம் என்று இரண்டுமே ஒலிபெருக்கியில் அறிவித்தன. மிஷின்காரரை அவர் மனைவியிடமிருந்து இத்தனை பேர் சேர்ந்து பாதுகாப்பார்கள் என்று அவர் நினைத்துப் பார்த்ததே இல்லை.

போர் மனைவியை எடுத்துக்கொண்டு வேலையைக் கொடுத்தது. தெருவில் இருந்த தையல்காரர்கள் எல்லாரும் ராணுவத்துக்கு மணல் மூட்டை தைக்க ஆரம்பித்தார்கள். ரவிக்கை தைக்கப் பிறந்த மிஷின்கள் சாக்கைத் தைத்து ஊசி ஒடிந்து, பெல்ட் அறுந்து, வரிசையாக அவரிடம் வந்து சேர்ந்தன. அவரும் பகலெல்லாம் பழுதுபார்த்தார். ராத்திரி, பேச்சுச் சத்தமே இல்லாத வீட்டில், தன் பேச்சு எவ்வளவு குறைவு என்பதை முதல்முறையாகக் கேட்டார்.

பிறகு நிவாரணச் சங்கத்தின் வெள்ளை வேன் ஒன்று ஓட ஆரம்பித்தது. மாதம் இருமுறை அது மட்டும் பாலத்தைக் கடக்கலாம். தபால் பையை அந்தக் கரையில் கொடுத்து, அங்குள்ள பையை வாங்கி வரும். முதல் பையிலேயே ரேடியோ அம்மாவின் கடிதம் வந்தது. பன்னிரண்டு பக்கம். பேசுவது போலவேதான் எழுதுவார். முற்றுப்புள்ளிக்கு இடம் விடவே மாட்டார். மிஷின்காரர் நின்றபடியே படித்து முடித்தார். பதில் எழுதத் தெரியவில்லை. கடிதம் எழுதிப் பழக்கமே இல்லை. கையில் இருந்தது சீட்டுக் கட்டு. அதிலேயே எழுதினார்.

“புகார்: சகலை குறட்டை, தூக்கம் இல்லை.
கண்டது: மல்லாந்து படுப்பதால் இருக்கும்.
செய்ய வேண்டியது: ஒரு பக்கமாகத் திருப்பி, முதுகுக்குத் தலையணை கொடுக்கவும்.

புகார்: மகள் பெரியம்மாவோடு பேசுவதில்லை.
கண்டது: மேல்நூல் இறுக்கம் அதிகம்.
செய்ய வேண்டியது: நீ கொஞ்சம் தளர்த்தவும். இழுத்தால் அறும்.

புகார்: என் நினைப்பே உங்களுக்கு இல்லை.
கண்டது: இருக்கிறது.

ஓட்டிப் பார்த்துத் திருப்பித் தரப்படுகிறது.”

அடுத்த வேனில் பதில் வந்தது. “இது என்னங்க, கடிதமா ரசீதா? ஊர்ல எல்லாருக்கும் புருஷன் கடிதம் போடறான், எனக்கு மட்டும் சர்வீஸ் பண்ணி அனுப்பறீங்க” என்று தொடங்கி, பன்னிரண்டு பக்கம் குறையாமல் திட்டியிருந்தார். நடுவில் எங்கோ, தலையணை வைத்ததும் குறட்டை நின்றது என்றும், மகள் இப்போது பெரியம்மாவோடு பேசுகிறாள் என்றும், இன்னும் சில புகார்கள் இருக்கின்றன என்றும் இருந்தது.

இப்படியாக, வீட்டில் இருந்த காலத்தில் ஒரு கேள்விக்கும் பதில் பெறாத அந்த அம்மா, குண்டு விழும் காலத்தில் எல்லாக் கேள்விக்கும் பதில் பெற்றார். ‘ம்’ என்று சொல்லலாம். அதை எழுதித் தபாலில் போட முடியாது. போர் நல்லது என்று சொல்ல வரவில்லை. அது கெடுத்த குடும்பங்களின் எண்ணிக்கையில் இந்தக் குடும்பத்தைச் சேர்ப்பதில் கொஞ்சம் சிக்கல் இருக்கிறது, அவ்வளவுதான்.

பக்கத்துக் கடை மருந்துக்கடை. அதை நடத்தும் அம்மா, வேன் வரும் நாளில் தவறாமல் எட்டிப் பார்ப்பார்.

“என்னண்ணே, அண்ணியை சர்வீஸ் பண்ணியாச்சா?”

“ஆச்சும்மா.”

“என் வீட்டுக்காரரும் ஒரு மிஷினா இருந்திருந்தா உங்ககிட்ட விட்டிருப்பேன். நாலு உதை உதைச்சாத்தான் ஓடறார்.”

சிக்கல் ஒரு பல்லால் வந்தது. கடைவாய்ப் பல் வலிக்கிறது என்று மிஷின்காரர் ஒரு சீட்டில் போகிறபோக்கில் எழுதிவிட்டார். உடனே அதைப் பிடுங்குங்கள், பயந்து ஓடிவிடாதீர்கள், பிடுங்கினேன் என்று பொய் சொன்னால் எனக்குத் தெரிந்துவிடும் என்று அங்கிருந்து ஆணை வந்தது. பிடுங்கினார். சீட்டில், “செய்தது: எடுக்கப்பட்டது. பழைய பாகம் இத்துடன்” என்று எழுதி, பல்லைக் காகிதத்தில் பொதிந்து உறைக்குள் வைத்து அனுப்பினார்.

மறுநாள் இரண்டு சிப்பாய்கள் வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

தபால் நிலையத்தின் மாடியில் கடிதத் தணிக்கை அலுவலகம். அதிகாரிக்கு ஊரார் வைத்த பெயர் பிளேடு. கடிதங்களில் ஆகாத சொற்களை மைபூசி மறைக்கும் வழக்கம் அவருக்கு இல்லை. சவர பிளேடால் சதுரமாக வெட்டி எடுத்துவிடுவார். போருக்கு முன் அவர் ஓர் அச்சகத்தில் வாழ்த்து அட்டைகளுக்கு வாசகம் எழுதிக்கொண்டிருந்தார். குழந்தை பிறந்தால் ஒன்று, கல்யாணத்துக்கு ஒன்று, இறந்தால் ஒன்று. கடிதம் சம்பந்தமாக முன் அனுபவம் உண்டா என்று ராணுவம் கேட்டபோது உண்டு என்று எழுதிக் கொடுத்தார். பொய் என்று சொல்ல முடியாது.

மேசைமேல் ஒரு வெள்ளைத் தாள். தாளின் நடுவில் பல்.

“இது என்ன?”

“பல்லு சார்.”

“பல்லுன்னு தெரியுது. யாரோடது?”

மிஷின்காரர் வாயைத் திறந்து காட்டினார். அதிகாரி எட்டிப் பார்த்தார். பிறகு, பார்த்ததற்காக வருந்தினார்.

“இதை எதுக்குய்யா அந்தக் கரைக்கு அனுப்பறீங்க?”

“எடுத்தேன்னு அவ நம்பணுமில்ல சார்.”

அதிகாரி ஒரு கோப்பைப் பிரித்தார். மிஷின்காரரின் பழைய சீட்டுகளுக்கு எல்லாம் நகல் எடுத்து வைத்திருந்தார்கள்.

“‘மேல்நூல் இறுக்கம் அதிகம், இழுத்தால் அறும்.’ மேல்நூல்னா யாரு? மேற்கால நிக்கிற நம்ம படையா?”

“என் பொண்ணு சார்.”

“‘அடிநூல் சரியாக ஓடுகிறது, கவலை வேண்டாம்.’ இது?”

“அது நான் சார்.”

“‘ஒரு பக்கமாகத் திருப்பவும்.’ யாரை, எந்தப் பக்கம் திருப்பச் சொல்றீங்க?”

“சகலையை சார். அவர் எந்தப் பக்கம் திரும்பினாலும் எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்ல.”

அதிகாரி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “நான் நம்பறேன். மேலிடம் நம்பலை. சங்கேத மொழின்னு எழுதி அனுப்பியிருக்காங்க. இனிமே இந்தச் சீட்டு போகாது. குடும்பக் கடிதம்னா குடும்பக் கடிதம் மாதிரி இருக்கணும்.”

“இது அதுதானே சார்.”

“இதுல எங்கய்யா இருக்கு குடும்பம்? ஒரு அன்பே இல்ல, ஒரு ஆருயிரே இல்ல. கல்யாணம் ஆனவர்தானே நீங்க?”

“ஆனதாலதான் சார் இப்படி.”

வேனுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. மிஷின்காரருக்கு வேறு விதமாக எழுத வராது என்பது அதிகாரிக்குப் புரிந்துவிட்டது. எழுதாமலே இருந்தால் அந்த அம்மா என்ன நினைப்பார் என்பதும் புரிந்தது. கெட்ட மனிதர் இல்லை. கெட்ட மனிதராக இருந்திருந்தால் இத்தனை வம்பும் வந்திருக்காது. கழுத்துப் பட்டனைத் தளர்த்தினார். எழுந்து சன்னலோரம் போய் நின்றார். போர் தொடங்கியதிலிருந்து மற்றவர்கள் எழுதியதை வெட்டிக்கொண்டே இருந்த மனிதர்.

“நான் சொல்றேன். எழுதுங்க. ‘அன்பே! என் இதயத் தோட்டத்தில் மலர்ந்த ஒரே மலரே!’”

“தோட்டம் எது சார்? எங்க வீட்டுல தொட்டிச் செடிகூடக் கிடையாது.”

“எழுதுங்க. ‘நீ இல்லாத இரவுகளில் நிலவும் என்னோடு சேர்ந்து அழுகிறது.’”

“நான் சீக்கிரமே படுத்துடுவேன் சார்.”

“எழுதுங்கய்யா! ‘உன் குரல் கேளாத என் செவிகள் பாலைவனமாயின.’”

மிஷின்காரர் பேனாவை நிறுத்தி, கொஞ்சம் யோசித்தார். “இது மட்டும் சரியா இருக்கு சார்” என்றார்.

‘உன் நினைவில் உருகும் உன் கணவன்’ என்று கடிதம் முடிந்தது. அதிகாரி அதை இரண்டு முறை படித்தார். அந்த அலுவலகத்திலிருந்து பிளேடு படாமல் போன முதல் கடிதம் அதுதான். பல்லைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

மருந்துக்கடை அம்மாவிடம் மிஷின்காரர் நடந்ததைச் சொன்னார். அந்த அம்மா சிரித்த சிரிப்பில், வாங்க வந்தவர் இருமல் மருந்து வாங்காமலே போய்விட்டார்.

“நிலவு அழுவுதா? அண்ணே, அண்ணி இதைப் படிச்சா என்ன நினைப்பாங்க?”

“என்ன நினைப்பா? சந்தோஷப்படுவா.”

“நீங்க கல்யாணம் பண்ணினது அவங்களைத்தானே?”

அடுத்த வேனில் வந்த பையைத் தணிக்கையில் படித்து முடிப்பதற்குள், அதற்கடுத்த வேன் புறப்படும் நாள் வந்துவிட்டது. அன்று சிப்பாய்கள் மறுபடி வந்தார்கள். இந்த முறை அதிகாரியின் முகமே சரியில்லை. கையில் ரேடியோ அம்மாவின் கடிதம். ஒரே ஒரு பக்கம். மிஷின்காரர் குனிந்து அதன் பின்பக்கத்தையும் பார்த்தார். அந்த அம்மா ஒரு பக்கத்தில் நிறுத்தியதாகச் சரித்திரமே கிடையாது.

“நானே படிக்கிறேன்” என்றார் அதிகாரி. “‘ஏங்க, கடிதம் கிடைச்சுது. கையெழுத்து உங்களோடது. மத்தது ஒண்ணும் உங்களோடது இல்ல. ஒண்ணு, எவனோ உங்க தலையில துப்பாக்கியை வெச்சு எழுத வெச்சிருக்கணும். இல்ல, உங்களுக்குப் புத்தி பேதலிச்சிருக்கணும். அதுவும் இல்லேன்னா எவளோ பக்கத்துல உக்காந்து சொல்லச் சொல்ல எழுதியிருக்கீங்க. மருந்துக்கடைக்காரியா? இருக்காது, அவளுக்கு இவ்வளவு கற்பனை கிடையாது. எவனோ கல்யாணப் பத்திரிகைக்கு எழுதறவன் கிறுக்கின மாதிரி இருக்கு.’”

அதிகாரி நிறுத்தினார். “கல்யாணப் பத்திரிகை இல்ல. வாழ்த்து அட்டை” என்றார், சுவரைப் பார்த்து.

“மேல படிங்க சார்.”

“‘நிலவு அழுவுதாம், அதுக்கு வேற வேலையில்லையா? இதோ பாருங்க. துப்பாக்கின்னா நான் வந்து காப்பாத்தணும். புத்தின்னா நான் வந்து பார்த்துக்கணும். எவளோன்னா நான் வந்தே ஆகணும். எப்படிப் பார்த்தாலும் வரணும். செங்கல் சூளைகிட்ட ஆத்துல முழங்கால் தண்ணிதான்னு சொல்றாங்க. அடுத்த வேன்ல, உங்களோடதுன்னு எனக்குத் தெரியற மாதிரி ஒரு கடிதம் வரணும். வரலேன்னா அன்னிக்குச் சாயங்காலமே பொண்ணை அக்காகிட்ட விட்டுட்டு இறங்கிடுவேன்.’ அவ்வளவுதான்.”

சூளைத் துறையில் இறங்கியவர்கள் எங்களுக்குத் தெரிந்து சிலர் உண்டு. கரையேறியவர்கள் என்று யாரும் இல்லை. பால்காரரும் அவர் தம்பியுமாக வந்து பால் ஊற்றுவார்கள். தம்பி ஒரு நாள் மாமனார் வீட்டைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சூளைப் பக்கம் போனான். அதன் பிறகு பால்காரர் தனியாகத்தான் வருகிறார்.

“சும்மா மிரட்டறாங்க” என்றார் அதிகாரி. குரலில் உறுதி இல்லை.

“இல்ல சார். அவ நிறையப் பேசினா ஒண்ணும் பண்ண மாட்டா. கொஞ்சமாப் பேசினா பண்ணிடுவா. இது ஒரு பக்கம்தான் இருக்கு.”

“சூளைப் பக்கம் காலே வைக்கக்கூடாதுய்யா. அங்க நாங்க…” அதிகாரி வாயை மூடிக்கொண்டார்.

“அங்க என்ன சார்?”

“ராணுவ ரகசியம்.”

“கண்ணிவெடி புதைச்சு வெச்சிருக்கீங்களா?”

“நான் சொல்லலை.”

“அதை மட்டும் ஒரு வரி எழுதிட்டா வர மாட்டா சார்.”

“எழுதினா நானே வெட்டணும். வெட்டலைன்னா என்னை வெட்டுவாங்க.”

அந்த அம்மாவைத் தடுக்கக்கூடிய ஒரே வாக்கியத்தை எழுத அனுமதி இல்லை. எழுத அனுமதியுள்ள வாக்கியங்களோ அவரை இழுத்துக்கொண்டு வந்துவிடும். பிளேடும் மிஷின்காரரும் ஒரு மேசைக்கு இரு பக்கமும் உட்கார்ந்து இந்த உண்மையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“வராதேன்னு எழுதுங்க.”

“வராதேன்னா வருவா சார்.”

“அப்ப வான்னு எழுதுங்க!”

“அதுக்கும் வருவா.”

“இன்னும் கொஞ்சம் உருக்கமா, மனசைத் தொடற மாதிரி நான் ஒண்ணு…”

“சார், உருக்கமா எழுதினா சாயங்காலம் வரைக்கும்கூடப் பொறுக்க மாட்டா. காலையிலேயே இறங்கிடுவா.” மிஷின்காரர் எழுந்து நின்றார். அவர் இத்தனை நீளமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. “என் சீட்டுல எழுதறேன் சார். நான் அதுலதான் இருக்கேன்னு அவளுக்குத் தெரியும். வேற எதுல எழுதினாலும் நான் செத்துட்டேன்னுதான் நினைப்பா.”

கீழே வெள்ளை வேனின் பின்கதவைத் திறந்து தபால் பைகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அதிகாரி சன்னல் வழியாக அதைப் பார்த்தார். மேலிடத்தின் உத்தரவு சுவரில் தொங்கியது. அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

“மேல்நூல் வரக்கூடாது. அடிநூல், ஊசி, பாபின், ஒண்ணும் வரக்கூடாது. எழுதுங்க.”

மிஷின்காரர் சட்டைப் பையிலிருந்து சீட்டுக் கட்டை எடுத்தார்.

“புகார்: போன கடிதம் வேறு ஆள் எழுதியதுபோல் இருக்கிறது.
கண்டது: வேறு ஆள் எழுதியதுதான். ஆள் நல்லவர். வேலை மட்டம்.
செய்தது: ஆள் மாற்றப்பட்டது. இது நான்.

புகார்: துப்பாக்கி, புத்தி, எவளோ.
கண்டது: மூன்றும் இல்லை.

புகார்: ஆற்றில் இறங்கி வருவேன்.
கண்டது: உனக்கு வாளித் தண்ணீரைக் கண்டாலே பயம்.
செய்ய வேண்டியது: அங்கேயே இருக்கவும். பாலம் திறந்ததும் பாலத்தில் வரவும். இந்தப் பக்கம் நிற்பேன்.

ஓட்டிப் பார்த்துத் திருப்பித் தரப்படுகிறது.”

அதிகாரி பிளேடைக் கையில் வைத்துக்கொண்டு படித்தார். ‘வேறு ஆள் எழுதியதுதான்’ என்ற இடத்தில் பிளேடு நின்றது. தணிக்கை அலுவலகம் குடிமக்களுக்குக் காதல் கடிதம் எழுதித் தருகிறது என்பதற்கு அது வாக்குமூலம். மேலிடம் பார்த்தால் வேலை போகும். ஒரு பெருமூச்சு விட்டு அதைத் தாண்டினார். அடுத்து, ‘ஆள் நல்லவர்’ என்பதையும் தாண்டினார். அதற்கடுத்த இடத்தில் பிளேடு மறுபடி நின்றது.

“இது தேவையா?”

“உள்ளதைத்தான் எழுதினேன் சார்.”

‘வேலை மட்டம்’ என்ற அந்த இரண்டு சொற்களால் நாட்டின் பாதுகாப்புக்கு எந்த ஆபத்தும் இல்லை. அவர் வெட்டியது அவற்றை மட்டும்தான். சதுரமாக, சுத்தமாக வெட்டினார். பிறகு தொப்பி இல்லாமல், படியில் இரண்டு இரண்டாகத் தாவி இறங்கி, நகர ஆரம்பித்திருந்த வேனின் பின்னால் ஓடி, கடிதத்தை டிரைவரின் கையிலேயே திணித்தார். வாசலில் நின்ற சிப்பாய் சல்யூட் அடிப்பதா, தானும் கூட ஓடுவதா என்று தெரியாமல் பாதி பாதி செய்தான்.

ஆனால் அந்தக் கரையிலும் ஒரு தணிக்கை உண்டு. அங்கே எப்படிப்பட்ட பிளேடு உட்கார்ந்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? அன்று சாயங்காலம் மிஷின்காரர் கடையைப் பூட்டாமல் தெருமுனைக்கு வந்து நின்றார். அங்கிருந்து பார்த்தால் ஆறு தெரியும், சூளையின் புகைபோக்கி தெரியும். மருந்துக்கடை அம்மாவும் கடையைப் பாதியில் சாத்திவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றார். இருட்டும் நேரத்தில் சூளைப் பக்கம் ஒரு வெடிச் சத்தம் கேட்டது. ஒன்றே ஒன்று.

“நாயா இருக்கும் அண்ணே” என்றார் அந்த அம்மா. அன்றைக்கு அவர் கேலி எதுவும் செய்யவில்லை.

“ம்” என்றார் மிஷின்காரர்.

அடுத்த வேன் வரும்வரை அவர் கடையைத் திறந்துதான் வைத்திருந்தார். வேலை செய்யத்தான் செய்தார். சரிசெய்து முடித்த மிஷினை மறுபடி பிரித்தார், பிரித்ததை மறுபடி பூட்டினார். டப்பாவுக்குள் கையை விட்டால் வேறு எதுவோ வந்தது. அந்த நாள்களில் தையல்காரர்கள் வாங்கிப்போன மிஷின்களின் சீட்டுகளில், ‘கண்டது: தெரியவில்லை’ என்று இருந்தது. இத்தனை வருஷத்தில் அவர் அப்படி எழுதியதே இல்லை. யாரும் வந்து ஏன் என்று கேட்கவும் இல்லை. மிஷின் ஓடாதவர்கள்கூட அதை எடுத்துக்கொண்டு போய் வீட்டில் சும்மா வைத்திருந்தார்கள்.

வேன் வந்த அன்று சிப்பாய்கள் வரவில்லை. அதிகாரியே தெருவில் நடந்து வந்தார். இந்த முறை தொப்பி இருந்தது. மிஷின்காரர் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கையில் இருந்த உறையைப் பார்த்தார். அது செங்கல்லைப் போலத் தடித்திருந்தது. பார்த்ததும் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

“பன்னிரண்டு பக்கமா சார்?”

“பதினாலு” என்றார் அதிகாரி.

மருந்துக்கடை அம்மா அதற்குள் ஓடி வந்திருந்தார். “படிங்கண்ணே, சத்தமாப் படிங்க. சார் எப்படியும் படிச்சிருப்பார், எனக்கு மட்டும் எதுக்கு ஒளிக்கணும்?”

மிஷின்காரர் படித்தார். “‘ஏங்க, இப்பத்தான் எனக்கு மூச்சே வருது. செருப்பைக் கையில எடுத்துட்டேன், அப்பத்தான் வேன்காரர் வந்து கூப்பிடறார். சீட்டைப் பார்த்தேன். சரி, சீட்டுன்னா எவன் வேணும்னாலும் உங்களை மாதிரி எழுதிடலாமேன்னு ஒரு சந்தேகம். அப்புறம் பார்த்தா, ஆள் நல்லவர்னு எழுதி அதுக்குப் பக்கத்துல ஒரு ஓட்டை. அந்த ஓட்டையைப் பார்த்துத்தாங்க நம்பினேன். நீங்க யாரையாவது நல்லவர்னு சொல்லி அதோட விட்டிருக்கீங்களா? எங்கப்பாவையே நல்லவர், ஆனா கஞ்சம்னு சொன்னவராச்சே. ஓட்டைக்குள்ள என்ன இருந்திருக்கும்னு அக்காவுக்கே தெரிஞ்சுபோச்சு. செருப்பைக் கீழே போட்டுட்டேன். அன்னிக்குச் சூளைப் பக்கம் யாரோட மாடோ போயிடுச்சாம், பாவம்…’”

அங்கே நிறுத்தி, மூக்கைத் துடைத்துக்கொண்டார். எண்ணெய்க் கை. மூக்கு கறுத்தது. மருந்துக்கடை அம்மா பார்த்தும் சொல்லவில்லை.

ஒரு மனிதனின் அகம்பாவம் வெட்டிய ஓட்டை, அவன் எழுதிய மொத்தக் கடிதத்தைவிட நன்றாகப் பேசியிருக்கிறது. அதிகாரிக்கும் இது தெரிந்துதான் இருந்தது. ஆனால் அவர் வாசல் கதவின் கீலை ஆராய்ந்துகொண்டிருந்தார். போகவும் இல்லை.

“ஒன்பதாம் பக்கம் படிங்க” என்றார் கடைசியில், கீலைப் பார்த்தபடியே.

மிஷின்காரர் பக்கங்களைத் தள்ளினார். “‘அந்த இன்னொரு ஆள் எழுதின கடிதத்தை அக்கா கேட்டு வாங்கி வெச்சுக்கிட்டா. தினம் அத்தான் சாப்பிட உக்காரும்போது எதிர்ல நின்னு சத்தமாப் படிக்கிறா. ஒரு நாளாவது இப்படி ஒரு வரி சொல்லியிருக்கீங்களான்னு கேக்கறா. அத்தான் ரெண்டு நாளா மொட்டை மாடியிலதான் படுக்கறார்.’”

அதிகாரி தொண்டையைச் செருமினார்.

“அவங்க அக்காவுக்கு எந்த வரி பிடிச்சிருக்குன்னு எழுதலையே?”

“இல்லியே சார்.”

“கேட்டு எழுதுங்களேன்.”

“நீங்க வெட்டிடுவீங்களே?”

“இதை வெட்ட மாட்டேன்.”

“அப்படியே அடுத்த கடிதத்துல நானும் ஒரு ரெண்டு வரி…” என்று அதிகாரி ஆரம்பித்தார். மருந்துக்கடை அம்மா அவரைப் பார்த்த பார்வையில் அந்த வாக்கியம் அங்கேயே நின்றுவிட்டது.

மிஷின்காரர் மேசை விளிம்பில் இருந்த சாக்குத்தூளைத் தட்டிவிட்டு, சீட்டுக் கட்டை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டு, கடிதத்தின் முதல் பக்கத்தைப் பிரித்தார்.

“உள்ள வந்து உக்காருங்க சார். முதல் புகார்லேர்ந்து வரிசையா வரணும். ஒன்பதாம் பக்கத்துக்கு வர நேரமாகும்.”